ஜன்னல் தாங்கியும் சைக்கிள் லீவரும்

மழைக்கு ஒதுங்கி விரைவுச்சாலைப் பாலங்களின் அடியில் நிற்கும் மோட்டார்சைக்கிள்காரர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பத்துப் பதினைந்து பேர் வரிசையாக வண்டிகளை நிறுத்திவிட்டு மழைச்சட்டை மாட்டிக்கொண்டிருப்பார்கள். சென்ற ஆண்டு இறுதியில் ஒரு மாலை, சிங்கப்பூரின் கிராஞ்சி விரைவுச்சாலையில் அப்படி ஒரு பாலத்தின் கீழ் நானும் நின்றேன். மழைச்சட்டையை நான் தொடவில்லை. 4 மில்லிமீட்டர் ஆலன் சாவியை வைத்துக்கொண்டு வண்டியின் முன்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நான்கு திருகாணிகள். அவற்றைக் கழற்றி, கண்ணாடியை 3 சென்டிமீட்டர் மேலே தூக்கி, அங்கே இருக்கும் வேறு நான்கு துளைகளில் மறுபடி முடுக்க வேண்டும். இரண்டு திருகாணிகள் சரியாக வந்தன. மூன்றாவதைச் சுற்றச் சுற்ற அது வெளியே வரவில்லை. அதைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷும் கூடவே சுழன்றது. நான்காவதைக் கழற்றியபோது அதன் நைலான் வாஷர் விரலிலிருந்து நழுவி, முன்விளக்கின் பின்னால் எங்கோ விழுந்து மறைந்துவிட்டது. கடைசியில் எதையும் மாற்ற முடியாமல், இருந்த இடத்திலேயே மூன்று திருகாணிகளோடு முடுக்கிவிட்டு ஈசூன் வரை வந்தேன். வழி நெடுக அந்தக் கண்ணாடி கடகடவென்று அடித்துக்கொண்டே வந்தது.

அன்று நனைந்ததை ஒரு மணி நேரத்தில் மறந்துவிட்டேன். மறக்க முடியாமல் போனது ஒரு சொல். வண்டி வாங்கியபோது விவரத்தாளில் 'உயரத்தை மாற்றியமைக்கக்கூடிய முன்கண்ணாடி' என்று போட்டிருந்தார்கள். பொய் இல்லை. மாற்றியமைக்கலாம்தான். வீட்டில் வெளிச்சம் இருக்கும்போது, கையில் சாவி இருக்கும்போது, 20 நிமிடம் நேரம் இருக்கும்போது, வாஷர் விழாமல் இருந்தால். ஆனால் உயரத்தை மாற்ற வேண்டிய தேவை கார்நிறுத்துமிடத்தில் வருவதில்லை, சாலையில்தான் வருகிறது. தேவைப்படும் இடத்தில் கைக்கு எட்டாத ஒன்றை வசதி என்று எப்படிச் சொல்ல முடியும்? பல வாரங்கள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் கேட்டவர்களுக்கு அலுத்துவிட்டது. எனக்கு அலுக்கவில்லை.

ஒரே நாளில் மூன்று காற்று

என் தினசரிப் பாதை ஈசூனிலிருந்து துவாஸ் வரை, ஒரு வழிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். சிலேத்தார், புக்கிட் தீமா, கிராஞ்சி, தீவு விரைவுச்சாலை என்று நான்கையும் தொட்டுப் போகிறது. மாதத்தில் ஒருமுறையாவது வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் மலேசியாவின் குளுவாங்கில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போவேன். அந்த ஒரு பயணத்திலேயே மூன்று விதமான காற்று கிடைக்கும். உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் நெரிசல். சுற்றிலும் நூற்றுக்கணக்கான வண்டிகளின் புகையும் என்ஜின் சூடும். அங்கே கண்ணாடி எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது, நெஞ்சில் கொஞ்சமாவது காற்றுப் படும். ஜோகூர் பாருவைத் தாண்டி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் 110 கிலோமீட்டர் வேகம். அங்கே கண்ணாடி உயர்ந்திருக்க வேண்டும். இரவில் மழை பிடித்துக்கொண்டால் இரண்டும் உதவாது. கண்ணாடி நெஞ்சை மறைக்கவும் வேண்டும், அதன் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குக் கீழேயே இருக்கவும் வேண்டும். விளிம்பு கண்ணை மறைத்தால், நீர்த்துளிகளில் சிதறும் எதிர்வண்டி விளக்குகளின் ஊடாகத்தான் சாலையைப் பார்க்க வேண்டிவரும். என் வண்டியில் இருந்தவை இரண்டே இரண்டு உயரங்கள். மழைக்கு வேண்டிய அந்த நடு உயரம் இல்லவே இல்லை.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் என்னை உண்மையில் பயமுறுத்தியது அதுதான். குளுவாங் போய் இறங்கினால் அன்றிரவு முழுவதும் காதுக்குள் ஒரு ரீங்காரம் இருக்கும். தலைக்கவசம் மட்டமானது என்று நினைத்து அதை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. ஒருநாள் நெடுஞ்சாலையில் முதுகு வலித்ததால் கால்மிதிகளில் ஊன்றி ஒரு கணம் எழுந்து நின்றேன். சத்தம் சட்டென்று பாதியாகக் குறைந்தது. உட்கார்ந்தேன், மறுபடியும் இரைச்சல். காற்றுக்குள் இன்னும் மேலே போனால் சத்தம் கூடத்தானே வேண்டும்? பிறகுதான் புரிந்தது. நேராக வந்து மோதும் காற்று அவ்வளவு இரைவதில்லை. கண்ணாடியின் விளிம்பில் கிழிபடும் காற்று சுழல்களாக உடைந்து, தலைக்கவசத்தின் கீழ்ப்பகுதியில், தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே வந்து அறைகிறது. அந்த அறைதான் இரைச்சல். விளிம்பு இன்னும் கொஞ்சம் உயர்ந்தால் சுழல்கள் தலைக்கு மேலே போய்விடும். தாழ்ந்தால் நெஞ்சோடு நின்றுவிடும். எனக்கு வாய்த்த இரண்டு உயரங்களில் ஒன்று தாடைக்கு, இன்னொன்று காதுக்கு. இரண்டு மூன்று சென்டிமீட்டர் வித்தியாசத்தில் ஒரு மனிதனின் செவி போகிறது என்பதை யாரும் எந்த விவரத்தாளிலும் எழுதுவதில்லை.

என் முதல் முயற்சி தவறான திசையில் போனது. சுழலும் ரப்பர் புஷ்களை எறிந்துவிட்டுப் புது நட்டுகள் போட்டேன். இனித் தளரவே கூடாது என்று திருகாணிகளில் மரைப்பசையும் தடவினேன். ஒரு வாரம் உறுதியாக இருந்தது. எட்டாம் நாள் கண்ணாடியைத் துடைக்கும்போது ஒரு துளையைச் சுற்றி மயிரிழை போலச் சின்னச் சின்ன விரிசல்கள், நட்சத்திரம் போல. இரும்புக்கு நல்லது செய்யும் அந்தப் பசை, முன்கண்ணாடி செய்திருக்கும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். இறுக்கிப் பிடித்த இடத்தில் அது பட்டால் பிளாஸ்டிக் வெடிக்கும். இது தெரியாமல் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: முன்கண்ணாடித் திருகாணியில் மரைப்பசை வேண்டாம், நைலான் வளையம் வைத்த நட்டு போதும். வெளிநாட்டிலிருந்து ஆயத்தமாக வரும் பிடிகளையும் விசாரித்தேன். அனுப்பும் செலவோடு 200 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டியது, என் வண்டிக்குப் பொருந்துவதாகவும் இல்லை.

பெரியப்பா வீட்டு ஜன்னல்

பெரியப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் பொருத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனபோது படுக்கையறை ஜன்னலின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளில் வெளிப்பக்கம் திறக்கும் அந்த ஜன்னல்கள் நமக்கெல்லாம் பழக்கமானவை. 2004இல் அவற்றின் அலுமினிய ஆணிகளைக் கழற்றி எஃகு ஆணிகளாக மாற்ற வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவிட்டபோது, எங்கள் புளோக்கில் வீடு வீடாக ஆள் வந்து தட்டிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. பெரியப்பா வீட்டில் ஆணிகள் அப்போதே மாற்றப்பட்டவைதான், ஆனால் திறந்த ஜன்னலைப் பிடித்து நிறுத்தும் தாங்கிகளின் கைகள் தேய்ந்துவிட்டதால் அந்த வாரம் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டிருந்தார்கள். புதிதாக வந்ததில் ஒன்று கொஞ்சம் தளர்வாக இருந்ததால், சின்னத் திருப்புளியால் அதன் ஓரத்துத் திருகை அரைச்சுற்று முடுக்கினார். பிறகு ஜன்னலைப் பாதி திறந்து விட்டார். பன்னிரண்டாவது மாடி. மழைக்கு முன்னால் வீசும் காற்று, திரைச்சீலை அறைக்குள் பறக்கிறது. ஜன்னல் விட்ட இடத்தில் அசையாமல் நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளினார், அங்கேயும் நின்றது. ஒரே விரலால் இழுத்தார், வந்தது.

நான் பேச்சை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றை எதிர்த்து நிற்கிறது. கை சொன்னால் நகர்கிறது. இடையில் எந்த உயரத்திலும், எந்தக் கோணத்திலும் நிற்கிறது. துளைகளே இல்லை. நான் கேட்டதெல்லாம் இதைத்தானே? சிங்கப்பூரில் லட்சக்கணக்கான ஜன்னல்களில் இது ஒவ்வொரு நாளும் நடக்கிறது. நான் பிறந்ததிலிருந்து கைவைத்துத் திறந்து மூடிய பொருள், ஒருமுறைகூட அது எப்படி நிற்கிறது என்று கேட்டதில்லை.

"பெரியப்பா, பழைய தாங்கிகளை என்ன செய்தீர்கள்?"

"கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, தம்பி. பழைய சாமான் வாங்கும் கரங்குனிக்காரர் வந்தால் கொடுக்கலாம் என்று வைத்தேன். உனக்கு எதற்கு?"

சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, எழுந்து போய் நான்கு தாங்கிகளையும் எடுத்துவந்து மேசையில் செய்தித்தாளை விரித்து அதன் மேல் வைத்தார். கைகள் தேய்ந்திருந்தாலும் அடித்தளமாக இருக்கும் எஃகுப் பள்ளம் அப்படியே புதிதாக இருந்தது. இரண்டு ஓரமும் உள்நோக்கி மடிந்த நீளமான தகடு. அதற்குள் ஓடும் ஒரு சின்னக் கட்டை. எனக்கு வேண்டியது அந்தப் பள்ளமும் கட்டையும் மட்டும். வண்டியின் இருபக்கமும் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பள்ளம், அதில் ஏறி இறங்கும் கட்டையோடு கண்ணாடி.

பூட்டுவதற்கு லீவர் என் வீட்டிலேயே இருந்தது. மகள் உயர்நிலைப்பள்ளியில் ஓட்டிய சைக்கிள் இரண்டு ஆண்டுகளாகத் தாழ்வாரத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. அவள் இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். தாழ்வாரத்தை ஒழித்துவைக்கச் சொல்லி நகர மன்றத்திலிருந்து அறிவிப்பும் வந்திருந்தது. அந்த சைக்கிளின் சக்கரங்களைக் கருவியில்லாமல் கழற்றுவதற்கு முன்னொன்று பின்னொன்றாக இரண்டு லீவர்கள் உண்டு. ஒரு பக்கம் மடக்கினால் இறுகும், விரித்தால் தளரும். அவற்றின் கம்பி 5 மில்லிமீட்டர் கனம், நுனியில் இருக்கும் மரை எம்5, அதாவது என் முன்கண்ணாடித் திருகாணிகளின் அதே அளவு. கம்பியைக் குட்டையாக வெட்டி நுனியில் புதிதாக மரை போட்டால் போதும். சைக்கிளுக்கு இரண்டு சக்கரம், கண்ணாடிக்கு இரண்டு பக்கம். சைக்கிளைக் கொடுத்துவிடலாமா என்று மகளிடம் கேட்டபோது, லீவர் எங்கே போகிறது என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். சரியென்றாள்.

வேலை முழுவதும் பெரியப்பாவின் சமையலறையில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மின்துளைப்பான் சத்தம் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு என்று, அவர் பட்டறைக் காலத்துக் கைத்துளைப்பானை எடுத்துக் கொடுத்தார். பள்ளத்தின் மடிந்த ஓரத்தை மேலிருந்து அழுத்திப் பிடிக்க, லீவருக்கு அடியில் ஓர் அலுமினியத் துண்டு. கைப்பிடியைச் சுற்றச் சுற்றச் சுருள் சுருளாக அலுமினியம் உதிர்ந்தது. எஃகும் பாலிகார்பனேட்டும் நேராகத் தொடக்கூடாது என்பதற்காக, 2 வெள்ளிக் கடையில் வாங்கிய காய்கறி வெட்டும் பலகையை அறுத்து வட்டத் துண்டுகளாக்கி இடையில் வைத்தோம். அந்தப் பலகை பாலிஎத்திலின். மென்மையானது, கண்ணாடியைக் கீறாது. கண்ணாடியின் துளைகளை ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்கினோம். வெயிலில் நிற்கும் வண்டியில் பாலிகார்பனேட் விரியும். விரிய இடமில்லாவிட்டால் துளையிலிருந்துதான் வெடிக்கத் தொடங்கும். வண்டியின் உடலில் ஒரு துளைகூடப் போடவில்லை. பழைய நான்கு திருகாணித் துளைகளிலேயே பள்ளங்களைப் பொருத்தினேன். வேண்டாமென்றால் கால் மணி நேரத்தில் பழையபடி ஆக்கிவிடலாம்.

சறுக்கல்

முதல் ஓட்டத்தில் கிராஞ்சி விரைவுச்சாலை முடிந்து தெங்கா வருவதற்குள் கண்ணாடி கீழே இறங்கிவிட்டது. ஒரேயடியாக விழவில்லை. 90 கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல மெல்ல, ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் என்று இறங்கிக்கொண்டே வந்தது. காற்று கண்ணாடியைப் பின்னால்தான் தள்ளும் என்று நினைத்திருந்தேன். சாய்ந்த கண்ணாடி காற்றை மேலே திருப்புகிறது. அப்படியானால் காற்றும் கண்ணாடியைக் கீழே அழுத்தத்தானே செய்யும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அழுத்தம் கூடும் என்பதால் 90இலிருந்து 110க்குப் போனால் அந்தச் சுமை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். சிங்கப்பூருக்குள்ளேயே நிற்காதது நெடுஞ்சாலையில் எப்படி நிற்கும்?

நான் செய்ததெல்லாம் லீவரை இன்னும் இறுக்கியதுதான். நட்டைக் கால்சுற்று முடுக்குவேன், லீவரை மடக்குவேன், ஓட்டிப் பார்ப்பேன், இறங்கும். மறுபடி கால்சுற்று. நான்காம் முறை லீவரை உள்ளங்கையால் அறைந்து மடக்க வேண்டியிருந்தது, அலுமினியத் துண்டு லேசாக வளைந்துவிட்டது. அன்று மாலை பெரியப்பாவின் புளோக் கார்நிறுத்துமிடத்தில் அதை அவரிடம் காட்டினேன். அவர் லீவரைத் தொடவே இல்லை. அதை விரிக்கச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வாங்கி, பள்ளத்தின் மடிந்த ஓரத்தையும் அதன் மேல் உட்காரும் அலுமினியத் துண்டின் அடிப்பாகத்தையும் மாறி மாறிக் கட்டைவிரலால் தடவினார். பிறகு என் விரலைப் பிடித்துத் தடவச் சொன்னார். இரண்டுமே வழவழவென்று இருந்தன.

"எதை எதோடு உரசவிட்டிருக்கிறாய் என்று பார். கண்ணாடி மாதிரி இருக்கிறது இரண்டும். இதை யானை வந்து அழுத்தினாலும் வழுக்கத்தான் செய்யும். ஜன்னலில் அந்தக் கட்டை எதனால் செய்தது?"

"நைலான்."

"அதில் ஒரு திருகு இருந்ததே, அது எதை அழுத்துகிறது?"

"கட்டையின் ஒரு பக்கத்தைப் பள்ளத்தோடு."

"அங்கே பிடிப்பது நைலான். நீ அதற்கு மேலே அலுமினியத்தை வைத்து, அதைப் பிடிக்கச் சொல்கிறாய்."

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. நான் அந்தக் கார்நிறுத்துமிடத்தில் நெடுநேரம் நின்றேன். நான்கு நாட்களாக என் கவனம் முழுவதும் திருகிலும் லீவரிலும் இருந்தது. பிடித்து நிற்பது அங்கே இல்லை. இரண்டு பொருள்கள் முகத்தோடு முகம் தொடும் அந்த விரல்நக அளவு இடத்தில் இருக்கிறது. ஆலையில் 19 ஆண்டுகளாக இயந்திரங்களோடு வேலை செய்கிறேன். பிரேக் பட்டைகளை எத்தனையோ முறை மாற்றியிருக்கிறேன். பிரேக்கைப் பற்றித் தெரிந்த ஒன்றை இங்கே கொண்டுவந்து பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பழைய ரப்பர் புஷ்ஷைப் பற்றி நான் கொண்டிருந்த கோபமும் அங்கே கொஞ்சம் தணிந்தது. அதை வடிவமைத்தவர் ரப்பரைத் தேர்ந்தெடுத்தது சரிதான். அதிர்வைத் தாங்க அது வேண்டும். அதையே கழற்றி மாட்டும் இடமாகவும் ஆக்கியதுதான் தவறு.

பெரியப்பா மறுபடி வீட்டுக்குள் போய், கத்தரித்த சைக்கிள் டியூப் ஒன்றை எடுத்துவந்தார். அதில் அஞ்சல்தலை அளவுக்கு இரண்டு துண்டுகள் வெட்டி அலுமினியத்துக்கு அடியில் வைத்தோம். அதுவும் வழுக்கியது. எனக்குத் தலை சுற்றியது. அவர் துண்டின் உட்பக்கத்தை விரலால் தேய்த்து விரலை எனக்குக் காட்டினார், வெள்ளையாக மாவு. டியூப்புக்குள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் போடும் டால்க் தூள். குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் பத்து நிமிடம் வைத்து மறுபடி பொருத்தினோம். இந்த முறை லீவரை இரண்டு விரல்களால் மடக்கினேன். கண்ணாடியின் மேல்விளிம்பில் இரண்டு கைகளையும் வைத்து என் எடையைச் சாய்த்தேன். முன்சக்கரத்தின் ஸ்பிரிங் அமுங்கியது. கண்ணாடி இறங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை குளுவாங் போனேன். கடற்பாலத்தில் கண்ணாடியைக் கீழே இறக்கி வைத்திருந்தேன். சுங்கச் சோதனையைக் கடந்து ஓரமாக நிறுத்தி, இரண்டு லீவர்களையும் விரித்து, கண்ணாடியை உயர்த்தி மடக்கினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நெடுஞ்சாலையில் சிம்பாங் ரெங்கம் வெளிவழி வரை 110இல் போனேன். கண்ணாடி மில்லிமீட்டர்கூட நகரவில்லை என்பதை மகளின் நகப்பூச்சால் பள்ளத்தில் வைத்திருந்த புள்ளி காட்டியது. இப்போது அங்கே மூன்று புள்ளிகள் இருக்கின்றன: கீழே நெரிசலுக்கு, நடுவில் மழைக்கு, மேலே நெடுஞ்சாலைக்கு. ஓடும்போது ஒருநாளும் மாற்றுவதில்லை. இரண்டு லீவர்களும் மடங்கியிருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பார்க்காமல் கிளம்புவதும் இல்லை. கைப்பிடியை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பி, லீவரோ பள்ளமோ எந்தக் கம்பியையும் உரசவில்லை என்பதையும் பார்த்துவிட்டேன். அன்றிரவு மாமியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது சில்வண்டுச் சத்தம் கேட்டது. காதுக்குள் ரீங்காரம் இருக்கும் இரவுகளில் எனக்கு அது கேட்டதே இல்லை.

மொத்தச் செலவு 9 வெள்ளி 40 காசு. அதில் பாதி எஃகு நட்டுகளுக்கு. ரப்பர் துண்டுகள் நம் வெயிலில் அதிக காலம் தாங்காது. ஐந்து மாதத்தில் ஓரங்கள் வெடிக்கத் தொடங்கியதால் ஒருமுறை மாற்றிவிட்டேன். இடப்பக்க லீவர் வலப்பக்கத்தைவிடக் கொஞ்சம் கடினமாக மடங்குகிறது. பின்சக்கரத்திலிருந்து வந்தது அது, அதன் அச்சில் துரு இருந்தது. எண்ணெய் விட்டால் ரப்பரில் வழிந்துவிடும் என்பதால் உலர்ந்த மெழுகு தேய்த்து வைத்திருக்கிறேன்.

போன வாரம் வேலையிடத்தில் என்னுடைய அதே வண்டி வைத்திருக்கும் ஒரு தம்பி, லீவரை விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் பெற்றோர் வீடு ஜோகூரின் பத்து பகாட் நகரில். மாதம் இரண்டு முறை போகிறவன், எனக்கு இருந்த அதே ரீங்காரம் அவனுக்கும் இருக்கிறது. அடுத்த ஞாயிறு அவனைப் பெரியப்பா வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் இன்னும் இரண்டு ஜன்னல் தாங்கிகள் மீதமிருக்கின்றன. சைக்கிள் லீவர்கள்தான் தேட வேண்டும்.